கடுதாசிக் காலம் – 11: ஜானகியின் கைக்கு வராதவை

சிங்கப்பூரிலிருந்து குறிஞ்சிப்பாடிக்கு வந்துகொண்டிருந்த ஏர்மெயில் கடிதங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு வடலூர்ப் பக்கத்து வாசகி ஒருவர் போன் செய்தார். கடிதங்களைப் பாராட்டிப் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்: “நல்லா இருக்கிறவன் எழுதுறது சரிங்க. ஒடம்பு முடியாமப் போனவன் பொண்டாட்டிக்கு என்ன எழுதுவான்? நெசத்த எழுதுவானா?”

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. பதில் தேடிப் போனால், கடல் கடந்து போய் நோயில் விழுந்த ஒரு கணவரும், ஊர்விட்டு ஊர் போய் நோயில் விழுந்த இன்னொரு கணவரும் எதிரே வந்து நிற்கிறார்கள். ஒருவர் கணித மேதை ராமானுஜன். இன்னொருவர் புதுமைப்பித்தன். இருவருமே நம் பழைய தென்னாற்காட்டு மண்ணில் கால் பதித்தவர்கள். இருவரைப் பற்றியும் புத்தகங்கள் நிறைய உண்டு. அவர்கள் எழுதிய கடிதங்களுக்கு மறுமுனையில் காத்திருந்த ஜானகி, கமலா இருவரைப் பற்றி நாம் பேசியது குறைவு. இந்த வாரம் அவர்களுக்கானது.

1910இல் ராமானுஜன் வேலை தேடித் திருக்கோவிலூருக்கு வந்தார். திருக்கோவிலூர் அப்போது தென்னாற்காடு ஜில்லா. கலெக்டர் கச்சேரி கடலூரில். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர். அவரிடம் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை எதுவும் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர் இவரைத் தாலுகா ஆபீஸில் முடக்கிப்போட மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ராமானுஜனின் வாழ்க்கையைத் திருப்பிய கடிதங்களில் அதுவும் ஒன்று.

அந்த வேலை அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது? முந்தின வருஷம், 1909 ஜூலையில், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண், குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் கிராமத்து ஜானகி. வயது பத்து. அந்தக் காலத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். சென்னை துறைமுகக் கழகத்தில் ராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு ஜானகி வந்து சேர்ந்தார், மாமியார் கோமளத்தம்மாளோடு. புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேசிக்கொள்ள இடமில்லாத வீடு அது. அப்படி ஓடியது ஒன்றரை, இரண்டு வருஷம். பிறகு சீமைப் பயணம்.

1914 மார்ச் 17ஆம் தேதி ‘நெவாசா’ கப்பல் சென்னையை விட்டது. நானும் வருகிறேன் என்று ஜானகி கேட்டிருக்கிறார். உனக்கு வயது போதாது, நீ வந்தால் என் கவனம் கணக்கில் நிற்காது என்று ராமானுஜன் சொல்லிவிட்டார். கப்பல் ஏறுவதற்கு முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பியும் விட்டார். குடுமியை எடுத்து, கோட்டும் காலணியும் மாட்டிய கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று. ஆக, புறப்பட்ட கணவனைத் துறைமுகத்தில் நின்று பார்க்கும் கொடுப்பினைகூட ஜானகிக்கு இல்லை. அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட முழுதாக நிரம்பவில்லை.

அதே கப்பலில் இன்னொரு தமிழர் இருந்தார். டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் நடத்தி வந்தவர். பின்னாளில் 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான். கப்பலில் அறிமுகமான அந்த டாக்டரிடமே மூன்று வருஷம் கழித்து நோயாளியாகப் போய்ப் படுப்போம் என்று அன்று ராமானுஜன் நினைத்திருக்க முடியாது.

போன புதிதில் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. மாதத்துக்கு மூன்று, நான்கு. 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டதும் கும்பகோணத்தில் அம்மா கலங்கிப்போனார். மகன் எழுதினார்: சண்டை இந்த நாட்டில் இல்லை, பக்கத்து நாட்டில்தான், இங்கே பயப்பட ஒன்றுமில்லை. வாசகி கேட்டாரே, நிஜத்தை எழுதுவானா என்று. அவர் எழுதியது பொய் இல்லை. ஆனால் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்ததையும், காய்கறிக்கும் பாலுக்கும் வந்த தட்டுப்பாட்டையும் அம்மாவுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? தூர தேசத்துப் பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் முதலில் கைவிடப்படுவது அவனுடைய கஷ்டம். அடுத்த ஆண்டு டிசம்பரில் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ‘பெர்ஷியா’ என்ற கப்பலை மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர்கள் மூழ்கடித்தார்கள். தபால் பைகளும் சேர்ந்து போயின. அதற்குப் பிறகு, வராத கடிதம் எழுதப்படாத கடிதமா, கடலில் போன கடிதமா என்பதும் தெரியாது என்றாயிற்று.

ஜானகியின் விஷயத்தில் இவை இரண்டும் இல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அந்தக் காலத்து வீடுகளில் கடிதம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தறி வீடுகளில் நான் சிறுவனாக இருந்தபோதும் அது பெரிதாக மாறிவிடவில்லை. தபால்காரர் திண்ணையில் நின்று குரல் கொடுப்பார். மாமனார் தறிக்குழியிலிருந்து எழுந்து வருவார்; இல்லாவிட்டால் மாமியார். மருமகள் உள்ளே ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். ராட்டினம் நிற்காது, ஆனால் அதன் சத்தம் மட்டும் மெதுவாகும். கடிதம் பெரியவர் பெயருக்குத்தான் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிடுவார்கள். பல வீடுகளில் அந்தப் பையன் நான். தாய் தகப்பனாருக்கு நமஸ்காரம், தம்பிக்கு ஆசி, மாட்டின் விசாரிப்பு, மழை விசாரிப்பு எல்லாம் முடிந்து கடைசி வரிக்கு முந்தின வரியில், வீட்டில் உள்ளவர்களைக் கேட்டதாகச் சொல்லவும் என்று வரும். அந்த ‘வீட்டில் உள்ளவர்கள்’தான் அவள். பெயர் இருக்காது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் உள்ளே ராட்டினம் சுத்தமாக நின்றிருக்கும்.

பெண்டாட்டி பெயருக்குத் தனிக் கவர் போடுகிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. 1914இல் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் நிலைமை இதைவிடக் கடினமாகவே இருந்திருக்கும். ராமானுஜன் ஜானகிக்கும் எழுதினார். ஜானகியும் கணவருக்கு எழுதினார். இரண்டு பேருடைய கடிதங்களும் மாமியார் கைக்குப் போயின. போன இடத்தில் நின்றன. ஜானகி அம்மாள் முதிய வயதில் தம்மைப் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். ராபர்ட் கனிகெல் எழுதிய ராமானுஜன் வரலாற்றிலும் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. இங்கிலாந்தில் அவர், மனைவி எழுதவே இல்லையே என்று நினைத்தார். கும்பகோணத்தில் இவர், கணவர் எழுதவே இல்லையே என்று நினைத்தார்.

கோமளத்தம்மாளைக் கொடுமைக்கார மாமியாராக வரைந்து முடித்துக்கொள்வது எளிது. பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மூத்த மகன் ராமானுஜனுக்குப் பிறகு பிறந்த மூன்று குழந்தைகளைக் கைக்குழந்தைகளாகவே பறிகொடுத்தவர் அந்த அம்மாள். கோயிலில் பஜனை பாடி, அதில் வரும் சொற்பக் காசையும் சேர்த்துக் குடும்பத்தை நடத்தியவர். மகன் கடல் தாண்டக் கூடாது என்றிருந்தவரும், பிறகு தாமே சம்மதித்து அனுப்பிவைத்தவரும் அவர்தான். மகன் என்ற ஒரே பிடிமானத்தில் இன்னொருத்திக்குப் பங்கு கொடுக்க அவரால் முடியவில்லை. அவர் செய்தது தவறு. அந்தத் தவற்றைச் செய்ய அவருக்கு இடம் கொடுத்தது, மனைவிக்கு வரும் கடிதமும் வீட்டுச் சொத்து என்று நினைத்த ஏற்பாடு. தபால்காரரிடம் கை நீட்டிக் கடிதம் வாங்கும் உரிமை ஜானகிக்கு இருந்திருந்தால் கோமளத்தம்மாள் நினைத்தாலும் எதையும் நிறுத்தியிருக்க முடியாது.

கடைசியில் ஜானகி கராச்சியில் வேலையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணனுக்குக் கல்யாணம். புடவை வாங்கப் பணம் வேண்டும் என்று அங்கிருந்து கணவருக்கு எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பணமும் வந்தது. இடையில் வேறு கை இல்லாதபோது கடிதம் தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

அந்தச் சமயத்தில் ராமானுஜன் ஏற்கெனவே படுக்கையில் இருந்தார். 1917 வசந்தத்தில் உடம்பு சாய்ந்தது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்ஸிங் விடுதி. பிறகு சௌரி முத்துவின் மெண்டிப் சானடோரியம். அந்த வருஷக் கடைசியில் டெர்பிஷையர் மலைப்பகுதியில் உள்ள மேட்லாக் சானடோரியம். பிறகு லண்டனில் ஃபிட்ஸ்ராய் ஹவுஸ், அதற்கும் பிறகு பட்னி. 

காசநோய் என்றார்கள் டாக்டர்கள். அதற்கு அன்று மருந்து இல்லை. திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, படுக்கை, நிறையப் பால், முட்டை, மாமிசம்: இதுதான் சானடோரிய வைத்தியம். காவிரிக்கரையில் வளர்ந்த சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இதில் எதுவும் ஒத்துவரவில்லை. குளிரில் கை விரைத்து எழுத முடியவில்லை. தம்மை இங்கிலாந்துக்கு வரவழைத்த கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு மேட்லாக்கிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் சொல்கிறார்: இங்கே குளியலறைதான் கதகதப்பாக இருக்கிறது, தினமும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் கணக்குப் போடப் போகிறேன் என்று. ராயல் சொசைட்டி உறுப்பினராகப் போகிற மனிதர், சூடு தேடிக் குளியலறையில் உட்கார்ந்து எண்களோடு பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கு அவருக்கு அங்கே ஏ. எஸ். ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் இருந்தார். இங்கிலாந்தின் வடக்கே ஜாரோவில் வேலை பார்த்தவர். 1918 ஜூனில் மேட்லாக் வந்து பார்த்துவிட்டு, இவர் சாப்பிடாமலே தேய்கிறார் என்று ஹார்டிக்கு விரிவாக எழுதியவர் அவர்.

கவனித்துப் பாருங்கள். குளிரைப் பற்றி ஹார்டிக்கு எழுத முடிந்தது. சாப்பாட்டைப் பற்றி ராமலிங்கத்துக்கு எழுத முடிந்தது. ஊரில் இருந்த மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டிய இந்த இரண்டும் நண்பர்களிடம் போயின. வீட்டுக்கு எழுதுவது கிட்டத்தட்ட நின்றே போயிற்று. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் தம்மை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவலாளி சமயத்தில் ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். போலீஸிடமிருந்து மீட்டு வந்தவர் ஹார்டி. இதை எந்த மகனால் அம்மாவுக்கு எழுத முடியும்? ஜானகிக்கு எழுதியிருந்தாலும் அதை முதலில் பிரிப்பது யார்?

இருபது வயது ஜானகி ராஜேந்திரத்தில் பிறந்த வீட்டில் இருந்தபோது கணவர் ஊர் திரும்பினார். 1919 மார்ச் 27, பம்பாய். கப்பலிலிருந்து இறங்கியவரை அழைத்துப்போக அம்மாவும் தம்பியும் வந்து நின்றார்கள். அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, ஜானகி எங்கே என்பது. பிறகு ராஜேந்திரத்துக்குக் கடிதம் போட்டு ஜானகியை வரவழைத்தார்கள்.

இருவரும் ஒன்றாக இருந்தது அதற்குப் பிறகு ஒரே ஒரு வருஷம். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை. அந்த வருஷத்தைத்தான் ஜானகி அம்மாள் தம் வாழ்க்கையின் நல்ல காலமாகக் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கணவருடைய நெஞ்சிலும் காலிலும் ஒத்தடம் கொடுப்பார். வலி விட்ட நேரத்தில் அவர் பலகையும் காகிதமும் கேட்பார். எழுதி முடித்துத் தள்ளிய தாள்களை எடுத்து அடுக்கி வைப்பது ஜானகி. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் சொன்ன ‘மாக் தீட்டா’ சார்புகள் அந்த நோய்ப் படுக்கையில்தான் பிறந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்து, ‘தொலைந்த நோட்டு’ என்று உலகம் கொண்டாடியதில் பெரும்பகுதி அந்தக் கடைசி வருஷத்துத் தாள்கள்தான். நீயும் என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த வியாதி வந்திருக்காது என்று அவர் ஒருநாள் சொன்னாராம். கடிதத்தில் ஐந்து வருஷமாகச் சொல்ல முடியாததை நேரில் சொல்லிவிட்டார்.

1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டு வீட்டில் ராமானுஜன் இறந்தார். வயது 32. ஜானகிக்கு 21. ராமானுஜனைக் கொன்றது காசநோயே இல்லை என்றும் சொல்கிறார்கள். டி. ஏ. பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது கல்லீரலைப் பிடித்த அமீபா நோய் என்று 1994இல் எழுதினார். இளம் வயதில் சென்னையில் வந்த சீதபேதி உள்ளேயே தங்கிப் பிறகு முற்றியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அப்படியானால் கண்டுபிடித்திருந்தால் அன்றைய மருந்திலேயே குணப்படுத்தியிருக்கலாம். பழைய பேதியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். டாக்டர்கள் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள்.

ஜானகி அம்மாள் பிறகு பம்பாயில் அண்ணனோடு இருந்தபோது தையல் கற்றுக்கொண்டார். 1931 வாக்கில் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாக வீடு பிடித்து, துணி தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு பென்ஷன் இருந்தது. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது வெளிநாட்டுக் கணிதர்கள் காதுக்கு எட்டி, அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் செய்த மார்பளவுச் சிலை 1985இல் அவர் வீட்டுக்கே வந்தது. 1994இல், தொண்ணூற்று ஐந்தாவது வயதில், காலமானார்.

இனி இரண்டாமவர். குறிஞ்சிப்பாடி ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தண்டவாளம் ஒரு பக்கம் கடலூருக்கும் மறுபக்கம் விருத்தாசலத்துக்கும் போகிறது. ஒரு முனை புதுமைப்பித்தன் பிறந்த ஊர். மறுமுனை அவருடைய இயற்பெயர். சொ. விருத்தாசலம் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை ரெவின்யூ உத்தியோகஸ்தர். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அப்பாவின் மாற்றலோடு இந்த மாவட்டத்தைச் சுற்றிய பிள்ளை அவர். அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனார்கள். நாம் அவரைத் தாமிரவருணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். கெடில நதிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பது என் பிடிவாதம்.

1931இல் கமலாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கமலாவின் பிறந்த வீடு திருவனந்தபுரம். புதுமைப்பித்தனுக்குப் பிழைப்பு சென்னையில்: ‘மணிக்கொடி’, பிறகு ‘தினமணி’, பிறகு ‘தினசரி’, கடைசியில் சினிமா. இடையில் கமலா ஊருக்குப் போகும்போதெல்லாம் கடிதங்கள் பறந்தன. அவற்றை இளையபாரதி தொகுத்து ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் வெளியிட்டார். தமிழில் ஒரு கணவன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இப்படி ஒரு புத்தகமாக நிற்பது அபூர்வம்.

ராமானுஜனுக்கும் இவருக்கும் இடையே ஒரு தலைமுறை. அதற்குள் கடிதம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது! உறையில் மனைவியின் பெயர். உள்ளே கொஞ்சல், கோபம், பணம் அனுப்ப முடியாத தவிப்பு, எப்போது வருவாய் என்ற கேள்வி. பெரியவர்களுக்குப் படித்துக்காட்ட முடியாத கடிதங்கள் அவை. வாங்கியவரும் படிக்கத் தெரியாதவர் இல்லை. கமலா விருத்தாசலம் தாமே கதைகள் எழுதியவர். ‘காசுமாலை’ அவருடைய தொகுப்பு. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த துக்கமும் இந்தத் தம்பதிக்கு இருந்தது. 1946இல் தினகரி பிறந்தாள்.

நோயாளிப் பெண்டாட்டியையும் அவளுக்குப் பணிவிடை செய்யும் கணவனையும் வைத்துப் புதுமைப்பித்தன் 1943இல் ‘செல்லம்மாள்’ எழுதினார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சென்னையின் ஒண்டுக் குடித்தனத்தில், ஊருக்குப் போகவேண்டும் என்று ஏங்கும் மனைவியை வைத்துக்கொண்டு படும் பாடு அது. நிஜ வாழ்க்கையில் அந்தப் பாத்திரங்கள் இடம் மாறிக்கொண்டன. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுத அவர் புனா போனார். அங்கே காசநோய் முற்றியது. 1948இல் எலும்பும் தோலுமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்து, ஜூன் 30 அன்று இறந்தார். வயது 42. மகளுக்கு இரண்டு வயது. படம் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

என்னை உறுத்துவது இதுதான். ‘கண்மணி கமலாவுக்கு’ புத்தகத்தில் நமக்குக் கிடைப்பது விருத்தாசலத்தின் குரல் மட்டும். கமலா என்ன பதில் எழுதினார்? புனாவிலிருந்து கடிதம் வந்த நாட்களில், இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடம்பை மறைக்காமல் எழுதுங்கள் என்று எழுதினாரா, கிளம்பி வந்துவிடுங்கள் என்று எழுதினாரா? அவர் எழுத்தாளர். நன்றாகவே எழுதியிருப்பார். ஜானகிக்குக் கடிதம் வரவில்லை. கமலாவுக்கு வந்தது, ஆனால் அவர் அனுப்பியது நம்மிடம் வரவில்லை. பெரிய மனிதரின் கிழிந்த துண்டுக் காகிதத்தைக்கூட எடுத்து வைக்கும் நாம், அவருக்கு வந்த மனைவியின் கடிதத்தை எடுத்து வைக்கவேண்டிய பொருளாக நினைத்ததில்லை. எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அது காசநோயை மடக்கும் என்று முறைப்படி நிறுவிய பிரிட்டிஷ் ஆய்வு அச்சானது 1948 அக்டோபர் 30. புதுமைப்பித்தன் இறந்து சரியாக நான்கு மாதம். அடுத்த பெரிய செய்தி சென்னையிலிருந்தே உலகத்துக்குப் போனது. 1956இல் சேத்துப்பட்டில், ராமானுஜன் கண்மூடிய அதே பேட்டையில், காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து. மீதிப் பேருக்கு அதே மருந்து, ஆனால் அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே, ஏழைச் சாப்பாட்டோடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் வைத்துப் பார்த்ததால் மற்றவர்களுக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவுதான், காசம் வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மலைக்கும் காட்டுக்கும் அனுப்பும் வழக்கத்தை உலகம் முழுவதும் மாற்றியது. நோயாளிக் கணவன் தூரத்திலிருந்து கடிதம் எழுதவேண்டிய அவசியத்தையே ஒழித்த ஆராய்ச்சி என்று நான் அதைச் சொல்வேன்.

முழுவதும் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. நம் பக்கத்துப் பையன்கள் இன்று வளைகுடாவுக்குப் போகிறார்கள். போகுமுன் மார்பு எக்ஸ்ரே. போன பிறகு இகாமா என்ற குடியிருப்பு அனுமதிக்கு மறுபடியும் எக்ஸ்ரே. நுரையீரலில் காசத்தின் தழும்பு தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’; வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போனவன் இருமலை வெளியில் சொல்வானா? வீடியோ காலில் முகம் தெரிகிறது. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, சாப்டேன், நல்லா இருக்கேன் என்கிறான். இளைத்திருக்கியே என்று அவள் கேட்டால், கேமரா அப்படிக் காட்டுது என்கிறான். குழந்தை, மாமியார், நாத்தனார் எல்லோரும் எட்டிப் பார்க்கும் போனில் அவளும் இதற்குமேல் கேட்க முடிவதில்லை. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்: அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. போன வேலை போனதுதான், ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடருக்காக இதுவரை வந்து குவிந்தவை பெரும்பாலும் ஆண்கள் எழுதிய கடிதங்கள். உங்கள் பாட்டியோ அம்மாவோ, வெளியூரிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்த கணவருக்கு எழுதியது ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், பாதி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். இனி வரும் வாரங்களை அந்தக் கடிதங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

(தொடரும்)